வீடற்றவனின் சாட்சியம்

(தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



நீதிமன்றத்திலே முதலில் எழும் கேள்வி, "சான்று எங்கே?" என்பதாகும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதையே கேட்டது. இங்கே பிறந்தேன் என்றால் போதாது. தந்தை இங்கே பிறந்தமைக்கு, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தமைக்குச் சான்று கொண்டு வா என்றது. காட்டை அழித்துத் தேயிலை நட்டவனிடம் கவ்வாத்துக் கத்தி இருந்தது, காகிதம் இருக்கவில்லை.

காகிதமில்லாத அந்த மக்களுக்குச் சாட்சியாக எழுந்து நின்றவரே சி. வி. வேலுப்பிள்ளை.

1914இல் மடக்கொம்பரைத் தோட்டத்திலே பிறந்தவர் அவர். லயத்து ஏழையல்லர், பெரியகங்காணிக் குடும்பத்துப் பிள்ளை. ஆங்கிலக் கல்வி பெற்றவர். அந்தக் கல்வியை ஏணியாக்கித் தாம் மட்டும் ஏறிக்கொண்டிருக்கலாம். அவரோ பெரட்டுக் களத்துக்குத் திரும்பி வந்தார். ஆங்கிலத்தில் அவர் யாத்த கவிதை நூல், சக்தீ பாலையாவின் மொழிபெயர்ப்பால் 'தேயிலைத் தோட்டத்திலே' எனத் தமிழில் வழங்குகிறது.

கடல் கடந்த நாடொன்றிலும் இத்தகைய ஒருவர் தோன்றினார். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலே 1908இல் பிறந்த ரிச்சர்ட் ரைட், அடிமைகளாயிருந்தவர்களின் பேரன். பருத்தி நிலத்து வறுமையிலிருந்து எழுந்து கறுப்பின மக்களின் கதையை உலகறியச் செய்தார். ஆயினும் நிறவெறி அவரைத் தாய்நாட்டில் வாழவிடவில்லை. 1960இல் பாரிசிலே மறைந்தார். நம்மவரோ மலையை விட்டு அகலவில்லை.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலை மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த ஈராண்டுக்குள் சட்டங்கள் வந்தன. அவரைத் தெரிந்தெடுத்த மக்களின் வாக்குரிமை பறிபோனது. 1952இல் பதவி போயிற்று, பேனா போகவில்லை. தொழிற்சங்கப் பணியாற்றிக்கொண்டே நாவல்கள் எழுதினார். சங்கம் அமைக்க முற்பட்ட தொழிலாளி வேலையிழந்து, வேலையோடு லயத்தையும் இழந்து அலைவதே 'வீடற்றவன்'. துரை கொடுத்த பற்றுச்சீட்டு ஒன்று, ஒரு குடும்பத்தையே தெருவில் நிறுத்தும் என்பதைச் சட்டப் புத்தகம் சொல்லவில்லை. அந்த நாவல் சொல்லிற்று.

மற்றொரு பணியும் செய்தார். கொழுந்து மலையிலும் தாலாட்டுத் தொட்டிலருகிலும் நம் தாய்மார் பாடியவற்றைத் திரட்டித் தொகுத்தார். படிப்பற்றவர் என்று இகழப்பட்டோரின் வரலாறு அப்பாட்டுகளிலே பதிந்திருப்பதை அவர் உணர்ந்திருந்தார். 1984இல் அவர் மறைந்தார்.

தோழர்களே! 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் குடியுரிமை வழக்கு ஏறக்குறைய முடிந்துவிட்டது. வீட்டு வழக்கு முடியவில்லை. தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தும், தம் பெயரில் உறுதியில்லாத குடும்பங்கள் இன்றும் லயங்களில் வாழ்கின்றன. 'வீடற்றவன்' என்ற தலைப்பு இன்னும் பழையதாகவில்லை என்பது நமக்கு வெட்கம்.

ஆகவே ஒன்று கேட்கிறேன். உங்கள் பெட்டியடியில் கிடக்கும் பழைய துண்டு, சம்பளச் சீட்டு, பிறப்புப் பத்திரம் எதையும் எரிக்காதீர்கள். பாட்டி எந்தத் தோட்டத்துக்கு வந்தாள், எந்த லயத்தில் பெற்றாள் என்பதைப் பிள்ளைகள் கேட்டு எழுதி வைக்கட்டும். அவர் பேனாவால் தொடங்கிய சாட்சியத்தை நாம் காணி உறுதியால் முடித்து வைப்போம்.