பயோடேட்டாவுக்கு முன்னால்

(சஃபர் முடித்து ஊர் திரும்பிய சகோதரர்களுக்காக நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



அன்பார்ந்த சகோதரர்களே, தாய்மார்களே! வளைகுடாவில் பத்து, பதினைந்து வருடம் பாடுபட்டுத் திரும்பியவர்கள் நம் அலுவலகத்துக்கு வந்ததும் முதலில் கேட்பது, “ஒரு பயோடேட்டா அடிச்சுக் கொடுங்க பாய்” என்பதுதான். “என்ன வேலைக்கு?” என்றால், “எதுவா இருந்தாலும் சரி” என்கிறார்கள். அப்படி எழுதிய தாளை எந்த முதலாளியும் இரண்டு முறை படிக்கமாட்டார்.

ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, ஸஅத் இப்னு ரபீஃ (ரலி) அவர்கள் தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவர்களோ துஆ செய்துவிட்டு, சந்தை எங்கே என்றுதான் கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் இலாபமாகக் கொண்டு திரும்பினார்கள். தமக்குத் தெரிந்த தொழிலை, புதிய ஊரின் சந்தையோடு பொருத்தினார்கள். நாமும் பயோடேட்டாவுக்கு முன்னால் நான்கு காரியம் செய்வோம்.

ஒன்று: பதவிப் பெயரை விட்டுவிட்டு, செய்த வேலையை எழுதிப் பாருங்கள். ‘ஸ்டோர் கீப்பர்’ என்றால் போதாது. சரக்கு எண்ணியது, கம்ப்யூட்டரில் கணக்கு ஏற்றியது, அரபியும் உருதும் பேசி ஆட்களைச் சமாளித்தது என்று எழுதினால், மருந்து மொத்தக் கடைக்கும் கூரியர் குடோனுக்கும் அது தேவை என்று தெரியும்.

இரண்டு: அந்த வேலையில் இருக்கும் மூன்று பேரிடம் சம்பளம், நேரம், சிரமம் கேளுங்கள்.

மூன்று: சான்று. சவூதி தொழிலாளர் சட்டப்படி, நாம் கேட்டால் சர்வீஸ் சர்டிபிகேட்டைக் கட்டணமின்றிக் கொடுப்பது கம்பெனியின் கடமை. இன்னும் அங்கே இருக்கும் பிள்ளைகளிடம், எக்ஸிட் அடிக்கும் முன்பே வாங்கச் சொல்லுங்கள். படிக்காமல் கைத்தொழில் கற்றவர்களைச் சோதித்துச் சான்று தரும் ஆர்.பி.எல். முறை, 2015-இல் தொடங்கிய பிரதமர் கௌஷல் விகாஸ் திட்டத்தில் உண்டு.

நான்கு: வீட்டில் உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். புது வேலையில் ஆரம்பச் சம்பளம் குறையும். எத்தனை மாதம் தாங்கும்? கௌரவத்துக்காக வட்டிக்கு வாங்குவதைவிட, “ஆறு மாசம் கஷ்டம்தான்” என்று வீட்டில் சொல்லிவிடுவது மேல். தாய்மார்களே, பாதிச் சம்பளத்துக்குப் போகிறவரைக் குத்திக் காட்டாதீர்கள். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்தே பலர் வீட்டோடு முடங்கிக் கிடக்கிறார்கள்.

மஷூரா செய்யுங்கள், இஸ்திகாரா தொழுங்கள். பிறகு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், அரை மணி நேரத்தில் பயோடேட்டா முடிந்துவிடும். ரிஸ்க் தருபவன் அல்லாஹ். சந்தைக்கு நடப்பது நம் பொறுப்பு. வஸ்ஸலாம்.