ஹஸ்ரத் காத்திருந்த பத்து நாள்

(பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





பொன்விழாவில் சாதனைகளைப் பேசுவது வழக்கம். நான் என் தவறு ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், நம் சங்க மண்டபத்தில் ரமலான் தராவீஹ் தொழ வைக்கத் தமிழ்நாட்டிலிருந்து ஒரு ஹாபிழை அழைக்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. வெங்காயமும் பருப்பும் இறக்குமதி செய்பவன் நான். பேப்பர் வேலை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று நினைத்தேன். டிக்கெட் எடுத்தேன், தங்க இடம் பார்த்தேன். அனுமதி விண்ணப்பத்தை மட்டும் ஷஅபான் பாதியில்தான் கையில் எடுத்தேன். அதிலும் ஒரு சான்றிதழை இணைக்க மறந்துவிட்டேன்.

சுற்றுலாப் பயணியாக வந்து சிங்கப்பூரில் மார்க்கப் பணி செய்ய முடியாது. குறுகிய காலத்திற்கு வருபவருக்கு மனிதவள அமைச்சின் ‘மிசலேனியஸ் வொர்க் பாஸ்’ வேண்டும். அதிகபட்சம் 60 நாள். இங்கே பதிவு பெற்ற அமைப்பு பொறுப்பேற்று விண்ணப்பிக்க வேண்டும். மார்க்கக் கல்வி போதிப்பவர்களுக்கு 2017 முதல் அங்கீகாரத் திட்டப் பதிவும் கட்டாயம்.

முதல் நோன்பு வந்தது, அனுமதி வரவில்லை. ஹஸ்ரத் ஊரில் பெட்டியைக் கட்டி வைத்துக் காத்திருந்தார். நமக்காக வேறொரு பள்ளிவாசல் அழைப்பை மறுத்திருந்தார். போனில் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “பரவாயில்லை தம்பி, அல்லாஹ் நாடினால் வருவேன்” என்றார். அந்தச் சொல்தான் என்னைச் சுட்டது. என் கொள்கலன் துறைமுகத்தில் நின்றால் நஷ்டம் எனக்கு. ஹஸ்ரத் ஊரில் நின்றால் நஷ்டம் அவர் பிள்ளைகளுக்கு.

அந்த இரவுகளில் நம் உறுப்பினர் ஒருவரின் மகன், பாலிடெக்னிக் மாணவர், தெரிந்த சூராக்களை ஓதித் தொழ வைத்தார். பத்து நாள் கழித்து ஹஸ்ரத் வந்தார். வந்த அன்றே அந்தத் தம்பியை முதல் வரிசையில் தமக்கு நேர் பின்னால் நிறுத்திக்கொண்டார்.

என் வேண்டுகோள் இரண்டு. ரஜப் மாதத்திற்கு முன்பே விண்ணப்பக் கோப்பைத் தயார் செய்வோம். ஒருவர் நிரப்ப, மற்றொருவர் சரிபார்க்கட்டும். அனுமதி கைக்கு வரும்வரை எந்த ஹஸ்ரத்தையும் மற்ற அழைப்பை விடச் சொல்ல வேண்டாம்.

அடுத்து, நம் பிள்ளைகளில் சிலரை ஹாபிழ்களாக ஆக்குவோம். ஊரிலிருந்து ஹஸ்ரத்மார்கள் வருவது நிற்க வேண்டாம். அந்த உறவு நமக்கு வேண்டும். ஆனால் ஒரு பேப்பர் தாமதமானால் ரமலான் நிற்காது.

வல்ல அல்லாஹ் அந்த ஹஸ்ரத்திற்கும் அந்தத் தம்பிக்கும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.