கடல் கடந்த இரு நடிகைகள்
(மீளத் திரும்பிய குடும்பங்களுக்கான ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



போன மாதம் ஒரு லயத்துக்குப் போயிருந்தேன். தமிழ்நாட்டு முகாமில் பிறந்து வளர்ந்த பதினான்கு வயதுப் பிள்ளை, "இனிப் பாடசாலைக்குப் போகமாட்டேன்" என்று மூலையில் உட்கார்ந்திருந்தது. சிங்கள எழுத்துத் தெரியவில்லை என்று கூடப் படிப்பவர்கள் சிரித்தார்களாம். அந்தப் பிள்ளைக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

'அவள் ஒரு தொடர்கதை', 'அன்னக்கிளி' படங்களை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அவற்றில் நடித்த சுஜாதா 1952இல் நம் நாட்டுக் காலியில் பிறந்தவர். மலையாளக் குடும்பம். பதினைந்து வயதளவில் கேரளாவுக்குப் போனார். முதலில் மலையாளப் படம். 1974இல் கே. பாலசந்தர் அவரைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். பிறகு தெலுங்கிலும் பெயர் எடுத்தார். 2011இல் சென்னையில் காலமானார். பிறந்த ஊர் ஒன்று, பிழைத்த ஊர் வேறு. நடித்த மொழிகளோ பல.

இன்னொருவர் நமக்கு இன்னும் கிட்டத்தில் உள்ளவர். கம்பளையிலிருந்து நுவரெலியா போகும் வழியில் இறம்பொடை இருக்கிறதல்லவா? 1923இல் அங்கே ஒரு தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் டெய்சி ராசம்மா. நாடு அவரை ருக்மணி தேவி என்று அறியும். முதலாவது சிங்களப் பேசும் படமான 'கடவுனு பொறொந்துவ' 1947இல் வெளிவந்தபோது அதன் கதாநாயகி இவர்தான். அந்தப் படம் எடுக்கப்பட்டதோ தென்னிந்தியாவில்! 1978இல் வீதி விபத்தில் இறக்கும்வரை சிங்கள மக்கள் கொண்டாடிய பாடகியாகவும் இருந்தார்.

நடிகைகள் விரும்பிக் கடல் கடந்தார்கள். நம் மக்களின் பயணம் அப்படியல்ல. 1964 அக்டோபர் 30ஆம் திகதி இரு பிரதமர்கள் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். பின்னர் வன்செயல்களுக்கும் போருக்கும் அஞ்சிப் பலர் படகேறினார்கள். அதனால் "மொழி படித்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும்" என்று நான் சொல்லவரவில்லை. பத்திரமும் வேண்டும்.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கியது. 2009இல் செய்த திருத்தம், இங்கிருந்து இந்தியாவுக்குப் போய்த் தங்க நேர்ந்தவர்களையும் கவனத்தில் எடுத்தது. ஆகவே பழைய துண்டு எதையும் எறியாதீர்கள். முகாம் அட்டை, பிள்ளையின் இந்தியப் பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடத்தில் தந்த டி.சி., பெற்றோரின் தோட்டப் பதிவு எல்லாவற்றையும் ஒரே உறையில் வையுங்கள். பிரதிகள் எடுத்துக்கொண்டு முதலில் கிராம அலுவலரையும், பிறகு பிரதேச செயலகத்தையும் நாடுங்கள்.

பிள்ளைகளே, சிங்களம் தெரியாதது குற்றமில்லை. இன்னும் படிக்கவில்லை, அவ்வளவுதான். இறம்பொடைத் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி அந்த மொழியில் பாடி நாட்டையே கேட்க வைத்தாள்.

மூலையில் இருந்த பிள்ளை கதை முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டது: "அக்கா, சிங்கள எழுத்துப் புத்தகம் இருக்கா?" கொண்டுபோய்க் கொடுத்தேன். உங்கள் பிள்ளைக்கும் தேவையென்றால் தயங்காமல் எங்களிடம் கேளுங்கள்.