வந்த சேதி, சேராத சேதி

(தோட்ட சனசமூக நிலையக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



எனக்குச் சொந்த ஊர் வவுணதீவு. மட்டக்களப்பு வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரை. 2004ஆம் ஆண்டு, வேறொரு தோட்டத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், "அம்மாவுக்குக் கடுமை, உடனே வா" என்று தம்பி கடிதம் போட்டான். நாலாம் நாளே அது தோட்டத்து ஆபீசுக்கு வந்துவிட்டது. ஆனா ஒன்பது நாள் அங்கே ஒரு மேசையில் கிடந்தது. நான் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது எட்டும் முடிந்திருந்தது.

லயத்துக்குத் தனி விலாசம் இல்லாமல் நேர்முகப் பரீட்சைக் கடிதத்தைத் தவறவிட்ட பிள்ளைகளையும் நாம் கண்டிருக்கிறோம். சேதி வருவது வேறு, உரியவர் கையில் சேருவது வேறு.

இன்று அநேகமான காம்பராக்களில் போன் இருக்கிறது. அதனால் குறை தீர்ந்ததா? மெசேஜ் வருது, வாசிக்க ஆளில்லை. மேசைக்குப் பதிலாகச் சேதி இப்போ போனுக்குள்ளே கிடக்குது, அவ்வளவுதான்.

இதற்கு நமது மலைநாட்டிலேயே ஒரு வழி காட்டினார்கள். கொத்மலை சமூக வானொலி 1989இல் தொடங்கியது. 1998இல் யுனெஸ்கோ உதவியோடு அங்கே இன்டர்நெட் வந்தது. ஊர்ச் சனங்களிடம் கொம்பியூட்டர் இல்லை. அவர்கள் தங்கள் கேள்விகளை வானொலிக்கு அனுப்பினார்கள். நிலையத்தார் இன்டர்நெட்டில் தேடி, விசயம் தெரிந்தவர்களையும் வைத்துக்கொண்டு, விளங்கும் பேச்சில் ரேடியோவில் பதில் சொன்னார்கள். கொம்பியூட்டரைத் தொடாதவருக்கும் பயன் கிடைத்தது. நடுவிலே ஒரு மனிதர் நின்றதுதான் காரணம்.

வவுணதீவில் என் தம்பி வெள்ளாமையில் பூச்சி கண்டால் 1920க்கு எடுத்து விவசாயத் திணைக்களத்தைக் கேட்கிறான். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் விசயங்களுக்கு 1919இல் தமிழிலேயே கேட்கலாம். ஆபத்துக்கு 1990 இலவச அம்புலன்ஸ். கூப்பிடும்போது எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எத்தனையாம் நம்பர் லயம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். இதைச் சின்னப் பிள்ளைக்கும் பழக்கி வையுங்கள்.

ஒன்று கவனம். பரிசு விழுந்திருக்கு, பேங்கிலிருந்து பேசுறோம் என்று யாராவது கேட்டால், போனுக்கு வந்த இரகசிய இலக்கத்தைச் சொல்லவே கூடாது.

பிள்ளைகளே, 2020, 2021இல் பள்ளிக்கூடம் மூடியபோது சிக்னல் தேடி மலையேறிப் படித்தவர்கள் நீங்கள். இனி ஞாயிறு பின்னேரம் இரண்டு பேர் முறைபோட்டு இந்த நிலையத்தில் இருங்கள். அம்மாமாரே, வந்த மெசேஜ், ஈ.பி.எப். கடிதம், படிவம் எதுவானாலும் கொண்டு வாங்க. வாசித்துச் சொல்லட்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை.

என் அம்மாவின் முகத்தை நான் கடைசியாகப் பார்க்கவில்லை. நம்ம லயத்தில் இன்னொருவருக்கு அப்படி நடக்க வேண்டாம்.