நோட்டீஸ் கொடுக்க யாரைக் கேட்க வேண்டும்?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



தாராவிச் சீரமைப்புக்கான கணக்கெடுப்பு 2024இல் தொடங்கியது முதல் நம் இளைஞர்கள் சந்து சந்தாக நோட்டீஸ் கொடுத்து வருகிறார்கள். 2000 ஜனவரி முதல் தேதிக்கு முன்பே குடியிருந்ததற்கு என்னென்ன காகிதங்களை எடுத்து வைக்க வேண்டும் என்பதைத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த குடும்பத்துக்குச் சொல்வது அந்த ஒற்றைத் தாள்தான். அது கைக்கு வராவிட்டால் வீடே கைவிட்டுப் போகலாம். ஆனால், "பர்மிஷன் எங்கே?" என்று யாராவது அதட்டினால் போதும், நம் பிள்ளைகள் கட்டோடு திரும்பி விடுகிறார்கள். அப்படித் திரும்ப வேண்டுமா? அதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

1950இல் மும்பையிலிருந்து வெளிவந்த 'கிராஸ் ரோட்ஸ்' ஏட்டைச் சென்னை அரசு தன் எல்லைக்குள் நுழைய விடாமல் தடுத்தது. அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் உச்சநீதிமன்றம் சென்று வென்றார். அச்சிடும் உரிமை மட்டும் இருந்து பயனில்லை. பரப்பும் உரிமையும் சேர்ந்ததே பேச்சுரிமை என்பது அத்தீர்ப்பின் சாரம்.

சரி, தெருவில் நின்று பரப்பலாமா? அகமதாபாத்தில், போலீஸ் கமிஷனரின் எழுத்து மூலமான அனுமதியின்றித் தெருவில் பொதுக்கூட்டம் கூடாது என்று ஒரு விதி இருந்தது. 1951ஆம் ஆண்டின் பம்பாய் போலீஸ் சட்டத்தின் கீழ் போட்ட விதி அது. ஹிமத்லால் ஷா தொடுத்த வழக்கில் 1972இல் உச்சநீதிமன்றம் அவ்விதியைச் செல்லாதென அறிவித்தது. ஒழுங்குபடுத்தலாம், எந்த அளவுகோலும் இல்லாமல் கொடுப்பதும் மறுப்பதும் ஓர் அதிகாரியின் மனம்போல என்று விட்டுவிட முடியாது என்றது. வழக்கு கூட்டத்தைப் பற்றியதுதான். ஆனால் அந்த நியாயம் நம் நோட்டீசுக்கும் பொருந்தும் என்று நாம் வாதாடலாம்.

அதற்காக விதியே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். சுவரில் ஒட்டுவது வேறு, கையில் கொடுப்பது வேறு. ஒட்டினால் 1995ஆம் ஆண்டின் மகாராஷ்டிரச் சட்டம் பாயும். தாள்களைத் தெருவில் இறைத்தால் மாநகராட்சியின் தூய்மை விதி பாயும். நடைபாதையை அடைத்து நின்றால் போலீஸ் கேட்கத்தான் செய்யும். தாதர், சயான் நிலையங்களுக்குள் ரயில்வே விதி. படியிறங்கித் தெருவுக்கு வந்தால் வேறு விதி. பதற்றமான நாட்களில் 37ஆம் பிரிவின்படி கமிஷனர் தடையுத்தரவும் போடலாம். அது எழுத்தில் இருக்கும், காலவரையும் இருக்கும். கிளம்புமுன் அதை வாங்கிப் படியுங்கள்.

இன்னொன்று, அச்சகத்தின் பெயர். எந்த அச்சுத்தாளிலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் வேண்டும் என்று 1867ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. 2024 மார்ச்சில் அச்சட்டம் போய்விட்டது. பின் வந்த சட்டம் பருவ ஏடுகளுக்கானது. ஆனால் தேர்தல் நோட்டீஸ் என்றால், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு இன்றும் அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரையும் முகவரியையும் கேட்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எந்த நோட்டீசாயினும் பெயர் போடுங்கள். மறைப்பதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது?

ஆகவே தோழர்களே, இரண்டிரண்டு பேராகப் போங்கள். ஓரமாக நில்லுங்கள். வேண்டாம் என்பவர் கையில் திணிக்காதீர்கள். கீழே விழுந்த தாளை நீங்களே பொறுக்குங்கள். தமிழ் தெரியாத காவலர் சந்தேகப்படுவது இயல்பு. தாளின் பின்புறம் மராத்தியில் நான்கு வரி அச்சிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். அதற்குப் பிறகும் தடுத்தால் குரலை உயர்த்தாமல், "எந்த விதி, எந்த உத்தரவு?" என்று கேட்டு எழுதிக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள். விதியைக் காட்டினால் கட்டுப்படுவோம். வெறும் அதட்டலுக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை.