பிள்ளை என்னும் சொல்
(யூபிலி ஆயத்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் ஞானஸ்நானப் பதிவேட்டின் பழைய ஏடுகளைப் புரட்டினால் அடிக்கடி கண்ணிற்படும் சொல் 'பிள்ளை'. அதனைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விழைகிறோம்.

தொல்காப்பியம் அதனைப் பறவைக் குஞ்சுக்குரிய பெயராகச் சொல்லும். அணிற்பிள்ளை, கீரிப்பிள்ளை, தென்னம்பிள்ளை என்று இன்றும் வழங்குகிறோம். சோழர் கல்வெட்டுகளில் இளவரசர் 'பிள்ளையார்'. இப்படிச் சிறியதைச் சுட்டிய சொல் அன்புக்கும் பின் மதிப்புக்கும் உரியதாயிற்று. கணக்கெழுதியவர் கணக்குப்பிள்ளை, கோயில் மணியடித்துத் திரியேற்றுபவர் கோயிற்பிள்ளை. (அவர் எக்குலத்தவராயினும் பிள்ளைதான்!) ஆனால் நாட்குறிப்பெழுதிய புதுவை ஆனந்தரங்கர் பெயரிலும், 1879இல் முதல் தமிழ் நாவலை வெளியிட்ட நம் கத்தோலிக்கர் மாயூரம் வேதநாயகர் பெயரிலும் அது குலப்பட்டம்.

திருவிதாங்கூரில் அது அரசர் அளித்த பட்டமுமாக இருந்தது. 1712இல் நட்டாலத்தில் பிறந்து அரண்மனை அலுவலரான நீலகண்ட பிள்ளை, 1745 மே 14இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சாதி பாராமல் எல்லோரும் சமமென்று போதித்தார். மேல்குலத்தாரின் பகை மூண்டது. 1752 சனவரி 14இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அதே வடக்கன்குளத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த கோயிலில் பிள்ளைமாரும் முதலிமாரும் ஒரு பக்கம், நாடார்கள் மறுபக்கம். பீடம் ஒன்று, நடுவே சுவர்! கௌசானல் அடிகளார் காலத்தில், 1910இல்தான் அது இடிக்கப்பட்டது. அவர் ரத்தம் சிந்தி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியிருந்தது.

2012 டிசம்பர் 2இல் முத்திப்பேறு பட்டம் அளிக்கப்பட்டபோதும் அவர் 'தேவசகாயம் பிள்ளை'யாகவே வழங்கப்பட்டார். சாதிப்பெயரை நீக்கக் கோரி விண்ணப்பங்கள் சென்றன, உரோமை இசைந்தது. 2022 மே 15இல் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்த பெயரில் 'பிள்ளை' இல்லை. வரலாற்றுப் பெயரை மாற்றலாமா எனக் கேட்போர் உண்டு. ஏடுகளில் அது இருக்கட்டும். பீடத்தில் வேண்டாம் என்பதே நம் எண்ணம்.

அச்சொல்லுக்குக் கோயிலில் வேறு வேலை உண்டு. ஞானத்தாய் தொட்டியருகே ஏந்தி நிற்கும் சிசுவுக்கு, அது எவ்வீட்டுக் குழந்தையாயினும், ஞானப்பிள்ளை என்றே பெயர்.

யூபிலி மலரில் நன்கொடையாளர் பட்டியல் அச்சேறும்போது, யார் பெயருக்குப் பின்னும் எந்தக் குலப்பட்டமும் வேண்டாமென விழாக்குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம்.