பொதிகையில் அவலோகிதர்

பௌத்தம் வடக்கே பிறந்து தெற்கே பரவியது என்பது பாடநூல் வரலாறு. புத்தரின் பிறப்பைப் பொறுத்தவரை அதில் ஐயமில்லை. ஆனால் மகாயானத்தின் கருணைத் தெய்வமான அவலோகிதேசுவரரின் உறைவிடம் தென்திசை மலையாகிய போதலகம் என்று கண்டவியூக சூத்திரம் சொல்கிறது. அம்மலை தென்காசிக்குத் தெற்கே எழும் பொதிகையே என்று ஜப்பானிய அறிஞர் ஷூ ஹிகோசகா விரிவாக எழுதியிருக்கிறார். இங்கே எடுத்துக்கொள்ளப்படுவது எஞ்சி நிற்கும் வழக்கு: பொதிகையில் முந்தியவர் அகத்தியரா, அவலோகிதரா?

வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்தில் புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம், அகத்தியர் தமிழைக் கேட்டது அவலோகிதரிடம் என்கிறது. பௌத்த மலையைச் சைவம் கவர்ந்துகொண்டதன் பழைய நினைவு இது என்பர் ஒரு சாரார். தமிழ் முனிவரைப் பௌத்தம் தனதாக்கிய சூழ்ச்சி என்பர் மற்றொரு சாரார். கவர்ந்தவர் ஒருவர், இழந்தவர் ஒருவர் என்று இரு சாராரும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகின்றனர். சான்றுகள் அதற்கு இடம் தரவில்லை.

முதன்மைச் சான்று சீனப் பயணி யுவான் சுவாங்கின் குறிப்பு. ஏறத்தாழ 640இல் காஞ்சிபுரம் வந்த அவர் பொதிகைக்குச் சென்றதாகத் தெரியவில்லை, கேட்டதை எழுதினார். சந்தன மரங்கள் வளரும் மலையத்துக்குக் கிழக்கே போதலகம். வழி ஆபத்தானது, பாறைகள் செங்குத்தானவை. உச்சியில் கண்ணாடி போன்ற ஏரி. அதிலிருந்து புறப்படும் ஆறு மலையை இருபது முறை சுற்றித் தென்கடலில் விழுகிறது. கரையில் கல்லால் ஆன தேவமாளிகை. உயிரைப் பணயம் வைத்து ஏறுவோரில் எட்டுவோர் மிகச் சிலர். அடிவாரத்தில் நின்று வேண்டுவோர்க்கு அவலோகிதர் சில வேளை ஈசுவர வடிவிலும், சில வேளை திருநீறு பூசிய பாசுபதத் துறவியாகவும் காட்சி தருகிறார்.

இதில் எது ஏட்டு மரபு, எது மலையடிவார வழக்கு என்று பிரித்தறிய வேண்டும். ஏரியும் சுற்றியோடும் ஆறும் ஏட்டு மரபு. தம் நூலின் தொடக்கத்திலேயே அநவதப்த ஏரியிலிருந்து கங்கை அவ்வேரியை ஒருமுறை சுற்றிக் கடலுக்குப் போவதாக யுவான் சுவாங் எழுதியிருக்கிறார். ஆகவே உச்சியில் ஏரி உண்டா என்று தேடுவதும், இல்லையென்று கண்டு மலையையே மறுப்பதும் வீண் வேலை. ஈசுவர வடிவமும் தாமரைச் சூத்திரத்தில் உள்ளதே. அவலோகிதர் எடுக்கும் வடிவங்களில் ஈசுவரனும் மகேசுவரனும் உண்டு. ஆனால் நீறு பூசிய பாசுபதர் அப்பட்டியலில் இல்லை. பாசுபதரைப் புறச்சமயத்தார் என்றே குறிக்கும் ஒரு பௌத்தத் துறவி, தம் போதிசத்துவருக்கு அவர்களுடைய கோலத்தைத் தாமே கற்பித்திருக்க மாட்டார். காஞ்சியில் பாசுபதர் நடமாடினர் என்பதற்கு மகேந்திரவர்மனின் மத்தவிலாசப் பிரகசனம் சாட்சி. மலையை அறிந்த தென்னாட்டார் சொன்னது அப்படியே அவர் ஏட்டில் ஏறியிருக்கிறது என்பதே பொருந்தும். அடிவாரத்தில் இரு சமயத்தாரும் நின்றனர். ஒரே இருப்பைத் தத்தம் கண்ணால் கண்டனர். கருணைத் தெய்வம் தமிழ் மண்ணில் உருப்பெற்ற விதம் இது.

கவர்ந்ததே என்று வாதிடும் மாற்றுக் கட்சியார் குற்றாலத்தைக் காட்டுவர். இலஞ்சியில் முருகனை வழிபட்ட அகத்தியர், வைணவ வேடத்தில் வந்து, நின்ற திருமாலின் தலையில் கைவைத்து அழுத்தி இலிங்கமாக்கினார் என்பது தலபுராணம். அந்த அழுத்தத்தால் வந்த தலைவலி தீரவே குற்றாலநாதருக்கு மூலிகைத் தைலக்காப்பு என்று ஊரார் சொல்வர். ஆனால் அது சைவ வைணவக் கதை. சித்தாற்றங்கரைக் கதையைத் தாமிரபரணியின் தலைமலைக்கு ஏற்றுவது முறையல்ல. குற்றாலத்தில் வடிவம் மாற்றப்படுகிறது. போதலகத்திலோ இரு வடிவங்களும் சேர்ந்தே நிற்கின்றன.

போதலகத்தின் பெயர் தமிழ் நிலத்துக்கு அப்பாலும் வழங்கியது. 719ஆம் ஆண்டையொட்டிச் சீனம் சேர்ந்த பௌத்தத் துறவி வச்சிரபோதி மலையநாட்டவர் என்றும், அவர் நாடு போதலகத்துக்கு அண்மையது என்றும் சீன வரலாறு கூறுகிறது. சீனத்தின் புதுவோ தீவும், 1645இல் கட்டத் தொடங்கிய லாசாவின் போதலா மாளிகையும் இம்மலையின் பெயரையே தாங்குகின்றன.

இனிச் செய்ய வேண்டியவை சில. மறுகால்தலைத் தமிழ் பிராமிக் குகையையும் பொதிகை வழிகளையும் சேர்த்து ஆராயலாம். நாகப்பட்டினத்துச் செப்புத் திருமேனிகளில் அவலோகித வடிவங்களைச் சைவத் திருமேனிகளோடு ஒப்பிடலாம். இலங்கையில் நாத தெய்வமாக அவர் வழிபடப்படுவதையும் காணவேண்டும். அயோத்திதாசரின் ஆதிவேதம் தமிழ் நிலத்திலிருந்தே எழுதிய புத்த சரிதை. இவ்வழக்கில் அதற்கும் இடமுண்டு. யுவான் சுவாங்கின் இப்பகுதி சீன மூலத்திலிருந்து நேரே தமிழாக்கப்படுவது எல்லாவற்றுக்கும் முந்திய தேவை.